பத்தில் ஒரு பங்கு

முப்பத்தோரு வருஷம் முத்திரை ஆய்வாளராக இருந்தவன் நான். ஈரோட்டுச் சுற்றுவட்டாரத்தில் தராசு வைத்திருந்தவர்கள் என் பெயரைக் கேட்டால் எடைக்கல்லை ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொள்வார்கள். தட்டுக்கு அடியில் ஒட்டிய புளி, குடைந்து மெழுகு அடைத்த எடைக்கல், எலெக்ட்ரானிக் தராசுக்குள் ஒளித்து வைத்த ரிமோட் எல்லாவற்றையும் பிடித்திருக்கிறேன். மனுஷன் பொய் சொல்வான், சோதித்து முத்திரை வைத்த கருவி சொல்லாது என்பதுதான் என் மதம். அந்த மதத்தை நம்பித்தான் என் உடம்பைக் கத்திக்குக் கொடுத்தேன்.

புற்று என்று தெரிந்தது தை மாதம். புராஸ்டேட் சுரப்பியில். கோயமுத்தூர் டாக்டர் படம் வரைந்து விளக்கினார். சுரப்பியை எடுத்துவிட வேண்டும், எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, ஆனால் சிறுநீர் சில மாதம் சொன்ன பேச்சுக் கேட்காது, ‘மற்றது’ பழையபடி இருக்கும் என்று உறுதி தர முடியாது என்றார். அந்த ‘மற்றது’ என்பதை மேஜையைப் பார்த்துச் சொன்னார். நானும் மேஜையைத்தான் பார்த்தேன். ஒரு மாசத்தில் முடிவு சொல்லுங்கள், தள்ளிப்போட்டால் எலும்புக்குப் போய்விடும் என்று அனுப்பி வைத்தார்.

வீட்டுக்கு வந்து என் மனைவி சுகுணாவிடம், “சின்னக் கட்டியாம். எடுத்தாலும் எடுப்பாங்க” என்றேன்.

“எங்கீங்க கட்டி?”

“வயித்துப் பக்கம்.”

அதற்கு மேல் கேட்க என் முகம் அவளை விடவில்லை. எடுக்க வேண்டாம் என்று மனசுக்குள் ஏற்கெனவே முடிவு செய்திருந்தேன். இடுப்பில் துணி கட்டிக்கொண்டு பத்து வருஷம் கிடப்பதைவிட, இருக்கிறவரை ஆம்பளையாக இருந்துவிட்டுப் போகலாம் என்பது என் கணக்கு. இப்போது நினைத்தால் முட்டாள்தனம். அன்றைக்கு அது வீரமாகத் தெரிந்தது.

முடிவு சொல்வதற்கு முன்னால் ஆலோசகரை ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும் என்றது ஆஸ்பத்திரி. கீழ்த்தளத்தில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு அறை. பலகை மாட்டினால் ஆண்கள் உள்ளே வருவதில்லையாம். ஆலோசகர் ஜெனிட்டாவுக்கு முப்பது வயதிருக்கும். என் மகளாக இருந்திருக்கலாம். அவளிடம் இதையெல்லாம் பேச வேண்டுமே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அவளோ பேசச் சொல்லவே இல்லை. கைக்கடிகாரப் பட்டை மாதிரி சாம்பல் நிறத்தில் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தாள்.

“புத்தகம் கொடுத்தா நீங்க யாரும் படிக்கறதில்ல சார். கூட்டம் போட்டா கிரிக்கெட் பேசிட்டு எந்திரிச்சுப் போயிடறீங்க. அதனாலதான் இது. உங்களுக்கு ஒரு வருஷம் முன்னாடி இதே ஆபரேஷன் பண்ணிக்கிட்டவர் ஒருத்தர் இருக்கார். அவர் முன்னவர், நீங்க பின்னவர். அவர் உடம்புக்கு என்ன தோணுதோ அது இந்தப் பட்டை வழியா உங்க நரம்புக்கு வரும். ஆபரேஷனுக்கு அப்புறம் வாழ்க்கை எப்படி இருக்கும்னு நான் சொல்லி நீங்க நம்ப வேண்டாம். நீங்களே தெரிஞ்சுக்கலாம்.”

“முழுசா வருமா?”

“பத்துல ஒரு பங்கு. அதுக்கு மேல விட்டா மனுஷன் தாங்க மாட்டான்.”

“அவரு யாரு?”

“அது மட்டும் கேக்கக் கூடாது. பேர் கிடையாது, ஊர் கிடையாது, பேச்சு கிடையாது. நம்பர்தான். அப்படி உத்தரவாதம் கொடுத்த பிறகுதான் ஆளுங்களே சேர்ந்தாங்க.”

“என்னோடது அவருக்குப் போகுமா?”

“போகும் சார். இது ஒருவழிப் பாதை இல்ல.”

“போகட்டும், அவனும் ஆம்பளைதானே” என்றேன். பிறகு என் தொழில்புத்தி சும்மா இருக்கவில்லை. “அவரு இதைக் கழட்டி வேற ஆருக்காச்சும் மாட்டி உட்டுட்டா?”

ஜெனிட்டா சிரித்தாள். “முதல்ல எந்தக் கையில மாட்டறோமோ அந்தக் கையைப் படிச்சு வெச்சுக்கும். அப்புறம் வேற கைக்கு வேலையே செய்யாது.”

முத்திரை மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். கையை நீட்டினேன். பின்னவர் நாற்பத்தொன்று ஆனேன்.

முதல் மூன்று நாள் ஒன்றும் தெரியவில்லை. நாலாவது நாள் விடிகாலையில் விழிப்புத் தட்டியபோது என் விரல் நுனிகள் சில்லென்று இருந்தன. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் எதையோ கிள்ளுவது போல ஒரு துடிப்பு. கிள்ளு, விடு, கிள்ளு, விடு என்று மணிக்கணக்கில் ஓடியது. இடுப்பு குனிந்திருக்கிற வலி. அதெல்லாம் மெலிசாக, அடுத்த வீட்டு ரேடியோ கேட்கிற மாதிரி. முன்னவர் ஏதோ வேலை செய்கிறார். ஆபரேஷன் முடிந்த ஒரே வருஷத்தில் இருட்டோடு எழுந்து குனிந்து நிமிர்ந்து வேலை செய்கிறார். என்ன வேலை என்று பிடிபடவில்லை. ஆனால் அந்தக் கிள்ளல் ஓடுகிறபோது அவர் மனசு அடங்கிப் போய்விடும். கூடவே என் மனசும் அடங்கும்.

சில நேரம் நெஞ்சிலிருந்து கழுத்துக்குக் குபீரென்று ஒரு சூடு ஏறும். ஜெனிட்டாவிடம் போனில் கேட்டேன். “ஹார்மோன் ஊசி போட்டிருப்பாங்க சார். அதுல வர்ற சூடு. கொஞ்ச நேரத்துல இறங்கிடும்” என்றாள். இறங்கிவிட்டது. இவ்வளவுதானா என்றிருந்தது எனக்கு.

மாசி நடுவில் நாலைந்து நாள் அந்தப் பட்டை என்னை மிரட்டிவிட்டது. பசியே இல்லை. நெஞ்சில் கல்லை வைத்து அழுத்துகிற மாதிரி ஒரு பாரம். கிள்ளல் நின்று போயிற்று. எனக்குக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. இதுதான் அதன் நிஜ முகம், வேண்டவே வேண்டாம் என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். ஆறாவது நாள் விடிகாலையில் விரல் நுனி மறுபடி சில்லென்றது. கிள்ளு, விடு. நான் படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். இந்த மனுஷனுக்கும் கெட்ட நாள் வருகிறது, ஆனாலும் எழுந்து வேலைக்குப் போய்விடுகிறான். எனக்கு மட்டும் என்ன வந்தது? அன்றைக்கே கோயமுத்தூருக்குப் போய்க் கையெழுத்துப் போட்டேன்.

பங்குனியில் ஆபரேஷன். சிறுநீர் போக வைத்திருந்த டியூபை எடுத்தது சித்திரையில்.

அதற்கப்புறம் நடந்ததைச் சொல்ல எனக்கு இன்னமும் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். இருமினால் நனைந்தது. நாற்காலியை விட்டு எழுந்தால் நனைந்தது. பேடு வாங்க நாலு தெரு தள்ளித் தெரியாத கடைக்குப் போனேன். முன்னறைக் கட்டிலில் பிளாஸ்டிக் விரித்துத் தனியாகப் படுத்தேன். சுகுணா எழுவதற்கு முன்னால் லுங்கியை நானே அலசிக் காயப் போட்டேன். காரணமில்லாமல் அழுகை வந்தது. டிவியில் சோப்பு விளம்பரத்துக்கெல்லாம் அழுதேன்.

முன்னவரிடமிருந்து வந்தவற்றை நினைத்து நினைத்துப் பார்த்தேன். குளிர்ச்சி, கிள்ளல், இடுப்பு வலி, கொஞ்சம் சூடு. நனைகிற உணர்ச்சி ஒரு நாள்கூட வந்ததில்லை. வந்ததையெல்லாம் பத்தால் பெருக்கினேன். என்னுடையதில் பாதிகூட வரவில்லை. கருவி பொய் சொல்லாது. ஆக, அவன் ஆம்பளை, தாங்கினான். நான் தாங்க லாயக்கில்லாதவன். அந்த வைகாசி முழுக்க என்னை அரித்தது நோயல்ல, இந்த நினைப்புத்தான்.

ஆனியில் ரத்தப் பரிசோதனை சரியாக வரவில்லை. கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்றார் டாக்டர். ஊசி போட்டார். முப்பத்து மூன்று தடவை கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும் என்றார். ஊசி போட்ட பத்தாம் நாள் எனக்கே அந்தச் சூடு வந்தது. பத்தில் ஒரு பங்கல்ல, முழுசாக. சட்டையைக் கழற்றிப்போட்டு பிரிட்ஜைத் திறந்து அதன் முன்னால் நின்றேன். சுகுணா சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால், மாதவிலக்கு நின்ற சமயத்தில், அவளும் இப்படித்தான் நின்றாள். “பிரிட்ஜைத் தொறந்து வெச்சுட்டு என்ன வேடிக்கை? சாமானெல்லாம் கெட்டுப் போகும்” என்று கத்தியிருந்தேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

கரண்டுக்குப் போவதில்லை என்று முடிவு செய்தேன். போதும். ஆனால் அதற்கு முன்னால் அந்த முன்னவனை ஒருமுறை நேரில் பார்த்து, எப்படிடா தாங்கினாய் என்று கேட்க வேண்டும் போலிருந்தது.

பட்டைக்கு மாசம் ஒருமுறை ஆஸ்பத்திரியில் பேட்டரி மாற்ற வேண்டும். அந்த வரிசையில் பாதிக்கு மேல் பெண்கள்தான் நிற்பார்கள், புருஷன்மாரின் சீட்டையும் பட்டையையும் பிடித்துக்கொண்டு. மாத்திரை வாங்க, டோக்கன் போட, ரிப்போர்ட் வாங்க எல்லாவற்றுக்கும் நம் ஊரில் அவர்கள்தானே. நான் மட்டும் வீட்டில் சொல்லாததால் என் சீட்டுக்கு நானே நிற்பேன். கவுண்டரில் ஒரு ரிஜிஸ்டர் இருக்கும். எதிரில் தலைகீழாக இருக்கிற ரிஜிஸ்டரைப் படிப்பது எங்கள் டிபார்ட்மெண்டில் பாலபாடம். பின்னவர் 41 என்று என் வரிக்கு நேரே முன்னவர் கட்டத்தில் ஒரு பெயரும் முகவரியும் இருந்தன. முத்துரத்தினம், சத்தியமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊர்.

மறுநாளே பஸ் ஏறினேன். பையில் இரண்டு பேடு வைத்திருந்தேன். ஊரை விசாரித்து இறங்கி, வெயிலில் ஒரு கிலோமீட்டர் நடந்தேன். ரோட்டின் இரண்டு பக்கமும் மல்லிகைச் செடி. ஓட்டு வீடு ஒன்றின் முன்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா நின்றிருந்தாள்.

“முத்துரத்தினம் வீடுங்களா?” என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். கண் கலங்கியது. ஆனால் முதலில் சொன்னது இதுதான்: “பாத்ரூம் பின்னாடி இருக்குதுங்க. மொதல்ல போய்ட்டு வந்துருங்க.”

எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போயிற்று. ஏனென்றால் அவள் சொன்னது சரி. போய்விட்டு வந்தேன். வாசலில் நாற்காலி போட்டுத் தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள். நீட்டிய கையில் சாம்பல் நிறப் பட்டை.

உள்ளே சுவரில் ஒரு படம். மாலை போட்டிருந்தது.

“அவருதாங்க” என்றாள். “மாசி பன்னெண்டாந் தேதி. எம் பேரு கோகிலவாணி.”

சொம்பைக் கீழே வைத்தேன். குடிக்கத் தோன்றவில்லை. “இந்தப் பட்டை வேற கைக்கு வேலை செய்யாதுன்னு சொன்னாங்களே?”

“செய்யாதுங்க. மொத நாளே எங் கையிலதான மாட்டுனாங்க. அவருக்குக் கூச்சம், வர மாட்டேன்னுட்டாரு. சீட்டைக் கொடுத்து என்னைய அனுப்பி உட்டாரு. அங்க ஒரு பையன், அளவு பாக்கறேன்னு எங் கையில மாட்டிப் பாத்தான். அதோட புடிச்சுக்கிச்சு. ஊட்டுக்கு வந்து அவரு போட்டுப் பாத்தா ஒண்ணும் இல்ல. திருப்பிக் கொண்டு போய்ச் சொல்லுங்கன்னேன். ‘ஊர் சிரிக்கறதுக்கா? நீயே போட்டுக்க, எனக்கெதுக்கு இன்னொருத்தன் ஒப்பாரி’ன்னுட்டாரு.”

“அப்ப அந்தக் கிள்ளல்?”

“பூப் பறிக்கறதுங்க.”

“அந்தச் சூடு?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “எனக்கும் வயசாகுதுங்களே.”

நான் அவளைத் திட்டத்தான் வாயெடுத்தேன். ஐந்து மாசமாக ஒரு கள்ளத் தராசில் என் உயிரை நிறுத்திருக்கிறேன். இவள் புருஷன் செத்த ஒரு வாரத்தில் இவள் பூப் பறித்ததைப் பார்த்து நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். “உங்க ஊட்டுக்காரரு போனப்புறமாவது சொல்லியிருக்கலாமில்லீங்க? இது ஏமாத்து வேலைங்க” என்றேன்.

“ஏமாத்துத்தானுங்க” என்றாள். “கழட்டி வெச்சறலாம்னுதான் நெனச்சேன். ஆனா அவரு போன நாலாம் நாளு நீங்க பயந்தீங்க பாருங்க, எனக்கு நெஞ்சு தொம்முதொம்முன்னு அடிச்சுக்குது. ஆரோ ஒரு மனுசன் தனியா ஒக்காந்து நடுங்கறாருன்னு தெரியுது. எங்க ஊட்டுக்காரரு ஆப்பரேசனுக்கப்புறம் மறுபடி வலி வந்ததை அப்பிடித்தான் எட்டு மாசம் ஆர்கிட்டயும் சொல்லாம வெச்சிருந்து, எலும்புக்குப் போனப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போனாரு. நீங்களும் அப்பிடிப் போயிரக் கூடாதுன்னு இருந்துச்சு. பூப் பறிச்சா எனக்கு மனசு அடங்கும். உங்களுக்கும் அடங்கறது தெரியும். அதனால போனேன். கருமாதிகூட ஆகல, காட்டுக்குப் போறா பாருன்னு ஊரே பேசுச்சு.”

தோட்டத்துப் பக்கம் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“இன்னொண்ணு சொல்லோணுங்க. இதை ஆர்கிட்டயும் சொன்னதில்ல.” முந்தானையால் பட்டையை மூடிக்கொண்டாள். “ஆப்பரேசன் பண்ணிட்டு வந்து அவரு மெத்தையை நனைச்சுட்டே இருந்தாரு. மூணாந் தடவை எனக்குக் கோவம் வந்துருச்சு. ‘கொஞ்சம் அடக்கிக்கிட்டா என்ன?’ன்னு கேட்டுட்டேன். அன்னைக்கு செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்தவருதான். சாகறவரைக்கும் எங்கிட்ட ஒரு வலி சொல்லல. எனக்கும் ஒண்ணும் புரியல. சித்திரையில உங்களுக்கு டியூப் எடுத்தாங்க போல, அன்னைக்குத் தெரிஞ்சுதுங்க. அடக்கறதுக்கு அங்க ஒண்ணுமே இல்லீங்களே. கை இல்லாதவனைப் பார்த்து ஏன் புடிக்கலைன்னு கேட்ட மாதிரி கேட்டிருக்கேன்.”

அழுதாள். சத்தமில்லாமல், என் மணிக்கட்டில் தெரிகிற மாதிரி. எனக்கும் அழுகை வந்தது. அதில் எது என்னுடையது என்று பிரிக்க நான் முயலவில்லை.

“அவரு பட்டதை நீங்கதான் எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க” என்றாள். “பத்துல ஒரு பங்குன்னாங்க. அதுக்கே ராத்திரியெல்லாம் தூங்க முடியல. நீங்க கழட்டச் சொன்னாக் கழட்டிர்றேன். ஆனா உங்க ஊட்டம்மாவுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க. எனக்கு ஆன மாதிரி அவங்களுக்கு ஆக வேண்டாம்.”

கள்ளத் தராசைப் பிடித்தால் அந்த இடத்திலேயே பறிமுதல் செய்வது என் வழக்கம். எழுந்தேன். “நாளைக்கு எத்தனை மணிக்குப் பறிக்கப் போவீங்க?” என்று கேட்டேன்.

“நாலரைக்குங்க.”

“போங்க” என்றேன்.

சாயங்காலம் வீடு வந்து சேரும்போது சூடு மறுபடி ஏறியிருந்தது. நேராகப் போய் பிரிட்ஜைத் திறந்து நின்றேன். சுகுணா பின்னாலேயே வந்தாள். திரும்பிப் பார்க்காமல், கத்திரிக்காயைப் பார்த்தபடியே சொன்னேன். “அம்மிணி, எனக்கு அடக்க முடியறதில்ல. கட்டி இல்ல அது, புத்து. கரண்ட் வெக்கோணுமாம். பயமா இருக்குது.”

“தெரியுமுங்க” என்றாள். “அலசிப் போட்ட லுங்கிய வெடிஞ்சு நாந்தானே எடுத்து மடிக்கறேன்? ரெண்டு மாசமா பாத்ரூம் லைட்டை அணைக்கறதே இல்ல, நீங்க இருட்டுல தடவுவீங்கன்னு. பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. ஊரிலுள்ள தராசையெல்லாம் சோதித்த எனக்கு என் வீட்டில் எரிந்த விளக்கு கண்ணில் படவில்லை. “அன்னைக்கு உன்னை இதே எடத்துல நிக்க வெச்சுத் திட்டுனேன்” என்றேன். அவள் பிரிட்ஜ் கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் பேட்டரிக் கவுண்டரில் ஒரு படிவம் நீட்டினார்கள். இணைக் கருவி சரியாக இயங்குகிறதா என்று கேள்வி. ‘ஆம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முப்பத்தோரு வருஷ சர்வீஸுக்குப் பிறகு தெரிந்தே நான் வைத்த முதல் பொய் முத்திரை அது.

ஆடி நாலாந் தேதி முதல் கரண்ட். சுகுணா வெளியே பெஞ்சில் என் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நோய் போகுமா என்று டாக்டருக்கே தெரியாது. என்னை மட்டும் படுக்க வைத்துவிட்டு எல்லோரும் வெளியேறினார்கள். தடிமனான கதவு மூடியது. மிஷின் தலைக்கு மேலே நகர்ந்தது. நெஞ்சு தொம்முதொம்மென்று அடித்துக்கொண்டது.

அப்போது விரல் நுனிகள் துடித்தன. கிள்ளு, விடு. கிள்ளு, விடு. குளிர்ச்சி இல்லை, வெயில்தான் சுட்டது. சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்றேகால். அந்த நேரத்தில் செடியில் ஒரு மொட்டுகூட இருக்காது. ஆனாலும் அந்தக் கை நிற்காமல் கிள்ளிக்கொண்டே இருந்தது.